இரட்டைத் தவறு

ராலித்ஸா கெர்ஜிகோவா. வலக்கை.
பிறந்த ஊர் யாம்போல், பல்கேரியா.
ஆடியவை நானூற்று ஐம்பத்தொன்பது.
வென்றவை 211, தோற்றவை 248.
பட்டம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.
உச்சத் தரவரிசை 243, அதுவும்
ஒரு திங்கட்கிழமையிலிருந்து மறு திங்கள் வரை.

களிமண்ணில் 109க்கு 121.
கடினத் தரையில் 88க்கு 97.
கூரைக்குள் விரித்த கம்பளத்தில் 12க்கு 19.
புல்லில் இரண்டே வெற்றி,
அதில் ஒன்று
எதிராளிக்குக் கணுக்கால் பிசகியதால்.

இவ்வளவும் யாரும் பார்க்கலாம்.
நான் போய் நிற்பது
கடைசிக்கு முந்தைய வரியில்:
இரட்டைத் தவறுகள், 1,904.

அவளுடையவை 1,903.

ஹஸ்கோவோ, ஜூன் மாதம், இறுதியாட்டம்.
அவள் எட்டிய ஒரே இறுதியாட்டம்.
பார்வையாளர் பதினேழு பேர்,
எண்ணிப் பார்க்க எனக்கு நேரமிருந்தது.
கோட்டு நடுவர்களுக்குக் கொடுக்கக் காசில்லாத போட்டி;
உயரமான அந்த நாற்காலியில் நான் மட்டும்,
என் மடியில் புள்ளி பதியும் கருவி.
பாப்லர் மரங்கள் பஞ்சு உதிர்த்துக்கொண்டிருந்தன.
எது பஞ்சு எது பந்து என்று
வெயில் பிரித்துக் கொடுக்கவில்லை.

(இது சாக்கு. எனக்கே தெரிகிறது.)

மூன்றாம் செட், டை-பிரேக், 5–6.
முதல் சர்வீஸ் வலையில்.
அவளுடைய இரண்டாவது சர்வீஸ்
எப்போதுமே கதவைத் தட்டிவிட்டு
இரண்டடி பின்னால் போய் நிற்கும்.
அன்று நிற்கவில்லை.
வளைந்து, மூலையை நோக்கி, ஒரு வேகம்.
எதிராளி மட்டையை அசைக்கக்கூட இல்லை.

"அவுட்" என்றேன்.

சுவடு பாருங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம்.
கேட்டால் நான் இறங்கியாக வேண்டும், அது விதி.
ஒரு மூச்சு நேரம் என்னைப் பார்த்தாள்.
பிறகு வலைக்கு வந்து கைகொடுத்தாள்,
எனக்கும் கொடுத்தாள்.
கை ஈரமாக இருந்தது.
கருவி கேட்டது: இரட்டைத் தவறு, உறுதியா?
அழுத்தினேன்.

கோப்பை கொடுத்து, கொடி இறக்கி,
எல்லாரும் நிழலுக்குப் போன பின்
தண்ணீர் போத்தலை மறந்தவன் மாதிரி
அந்த மூலைக்குப் போனேன்.
சுவடு இருந்தது.
வெள்ளைக் கோட்டின் மேல்
நகக்கண் அளவுக்குச் செம்மண்.

மைதானக்காரன் மின்சோ
தரை துடைக்கும் பாயை இழுத்தபடி வந்தான்.
"இழுக்கட்டுமா?"
"இழு."

உள்ளே என்றாலும் 6–6தான்.
அதற்கு மேல் அவள் வென்றிருப்பாள் என்று
எந்தக் கணக்கும் சொல்லாது.
டை-பிரேக்கில் அவள் 31க்கு 44.
இதை நான் எத்தனை இரவு கூட்டிப் பார்த்தேன் என்பதற்கு
யாரும் பத்தி ஒதுக்கவில்லை.

முப்பத்தொன்றாம் வயதில் நிறுத்திக்கொண்டாள்.
பதிவேடு சொல்வது: செயலில் இல்லை.

போன பிப்ரவரி, ஸ்டாரா ஸகோரா,
கடைவாய்ப் பல் ஒன்று
ராத்திரி முழுக்க என்னை விசாரித்த மறுநாள்,
பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில்
அவள்.
முடியை வெட்டியிருந்தாள்.
வலக்கை மட்டும் இன்னும்
இடக்கையைவிடப் பருமன்.

பெயர் கேட்டாள். சொன்னேன்.
விரல் ஒரு கணம் விசைப்பலகை மேல் நின்றதா
என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
பிறந்த ஆண்டு கேட்டாள்.
அறுபத்தேழு.
தட்டினாள்.
திரையை என் பக்கம் திருப்பினாள்.

1976.

பின்னால் யாரோ இருமினார்கள்.
வெளியே பனி, நனைந்த கம்பளிகளின் வாடை.
"சரிதானே, பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்,
என்னையே பார்த்து, ஒரு மூச்சு நேரம்.

"சரி" என்றேன்.